ஐல் ஆஃப் மேன் தீவு மாதிரி நமக்கும் ஒரு பழைய வண்டி ஓட்டம் வேண்டாமா?

பேண்டம்காரர் (ஈசூன், சிங்கப்பூர்), வெள்ளி இரவு 9.40

கொரோனாவுக்கு முந்தின வருஷம், ஆகஸ்ட் கடைசியில், மைத்துனரோடு ஐல் ஆஃப் மேன் போயிருந்தேன். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுக்கடலில் கிடக்கிற தீவு. ஹேஷம் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் நாலு மணி நேரத்துக்குள் டக்ளஸில் இறக்கிவிடுகிறார்கள். கப்பலின் கீழ்த்தளம் முழுக்கப் பழைய மோட்டார்சைக்கிள்கள். ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க நடுவில் பழைய மெத்தைத் துண்டுகளைச் செருகிக் கயிறு கட்டியிருந்தார்கள்.

பிரிட்டனில் 1946-இல் தொடங்கிய வின்டேஜ் மோட்டார்சைக்கிள் கிளப் என்று ஒன்று இருக்கிறது. அவர்கள் அந்தச் சமயத்தில் தீவில் கூடுகிறார்கள். ஜர்பி என்ற இடத்தில் இரண்டாம் உலகப் போர் காலத்து விமானத் திடல் ஒன்று. அங்கே வெலோசெட், நார்ட்டன், பிஎஸ்ஏ, ட்ரையம்ஃப் என்று கண்ணுக்கெட்டிய தூரம் வண்டிகள். யாரும் கயிறு கட்டித் "தொடாதே" என்று பலகை வைக்கவில்லை.

எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் தன் வெலோசெட்டைக் கிளப்பியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எண்ணெய் சொட்டும் என்பதால் எஞ்சினுக்குக் கீழே ஒரு பிஸ்கட் தகரத்தின் மூடி. கார்புரேட்டரின் மேலிருந்த சின்னப் பொத்தானை விரலால் அமுக்கிப் பெட்ரோல் விரலை நனைக்கும்வரை பொறுத்திருந்தார். உதைகோலை மெதுவாக மிதித்துப் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்தார். கைப்பிடியில் இருந்த சின்ன நெம்புகோலை இழுத்து, இம்மி அளவு தாண்டவிட்டு, விட்டார். அப்புறம் ஒரே மிதி. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இங்கே சிங்கப்பூரில் நம்மிடமும் 35 வயது தாண்டிய வண்டிகள் இருக்கின்றன. என்னிடம் 1961-ஆம் வருஷத்து பிஎஸ்ஏ பேண்டம் இருக்கிறது. கிளாசிக் திட்டத்தில் பதிந்த வண்டி என்பதால் வருஷத்தில் 45 நாள்தான் சாலையில் எடுக்கலாம். ஆளுக்கொரு மூலையில், ஆளுக்கொரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிட்டுத் திரும்ப மூடி வைக்கிறோம். ஒரே ஒரு ஞாயிறு, விடியற்காலை ஆறிலிருந்து எட்டுவரை, கிராஞ்சியிலிருந்து லிம் சூ காங் முனைவரை மெதுவாக வரிசையாகப் போய், அங்கே நிறுத்திப் பிள்ளைகளுக்குக் காட்டினால் என்ன? இது பந்தயம் இல்லை. என்ன நினைக்கிறீர்கள்?

தாம்சன்_1970, வெள்ளி இரவு 10.25

ஐயா, உங்கள் ஆசை புரிகிறது. ஆனால் இந்தத் தீவில் இது நடந்து முடிந்த கதை. 1961-இலிருந்து 1973 வரை அப்பர் தாம்சன் சாலையை மூடிக் கார், மோட்டார்சைக்கிள் இரண்டுக்கும் பந்தயம் நடத்தினார்கள். ஒரு சுற்று 4.8 கிலோமீட்டர். 1970-இல் எனக்குப் பன்னிரண்டு வயது, புல்மேட்டில் அப்பாவோடு நின்று பார்த்தேன். ஒரு பக்கம் மழைநீர்க் கால்வாய், இன்னொரு பக்கம் விளக்குக் கம்பம், பேருந்து நிறுத்தம். நடுவில் அந்த வேகம். 1972-இலும் 1973-இலும் ஓட்டுநர்கள் இறந்தார்கள். அதோடு நிறுத்தினார்கள், சரியாகத்தான் செய்தார்கள்.

நீங்கள் சொல்கிற ஐல் ஆஃப் மேன் இன்னும் மோசம். அந்த மலைச் சாலைப் பந்தயத்தில் இதுவரை இறந்தவர்கள் 260 பேருக்கு மேல். அந்தத் தீவின் பெயரைச் சொல்லி ஒரு கூட்டத்தைக் கூட்டினால், முதல் ஞாயிறு மெதுவாகப் போவார்கள். மூன்றாம் ஞாயிறு?

பேண்டம்காரர், வெள்ளி இரவு 11.05

நீங்கள் சொல்வது டூரிஸ்ட் டிராஃபி என்ற டிடி பந்தயம், ஐயா. நான் சொல்வது அது இல்லை. ஆனால் அந்தப் பந்தயம் ஏன் அங்கே போனது என்று தெரிந்தால் என் பேச்சு விளங்கும். அப்போது பிரிட்டனில் மணிக்கு 20 மைல்தான் உச்ச வேகம். பந்தயத்துக்காகச் சாலையை மூட நாடாளுமன்றம் சம்மதிக்கவில்லை. தீவுக்குத் தனி மன்றம் உண்டு, டின்வால்ட். அது 1904-இலேயே சட்டம் போட்டுச் சாலையை மூட வழி செய்தது. 1907-இல் முதல் டிடி. ஒற்றை சிலிண்டர் வண்டிகளில் வென்றவர் சார்லி காலியர், சராசரி வேகம் மணிக்கு 38 மைல். அந்த வருஷம் மேட்டில் ஏற வண்டிக்கு மிதிகட்டை வைத்துக்கொள்ளக்கூட அனுமதித்தார்கள்.

இன்றைக்கு எங்கள் வண்டிகள் போகிற வேகமும் ஏறக்குறைய அதுதான். என் பேண்டத்துக்கு மூன்றே கியர். மேட்டில் லாரி என்னை முந்தும். அதை வைத்துக்கொண்டு யார் பந்தயம் ஓட்டுவார்கள்?

பிடோக்_வாசுகி, சனி காலை 7.15

அண்ணா, வேகத்தை விடுங்கள். புகையைப் பற்றி யாரும் பேசவில்லையே.

நாங்கள் நான்காம் மாடி. கீழே கார் நிறுத்துமிடம். முன்பு இருந்த புளோக்கில் ஒருவர் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருந்தார். தினமும் காலை 5.50-க்கு ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் சூடாக்குவார். அந்த நீலப் புகை நேராக எங்கள் சன்னலுக்கு வரும். கருகின எண்ணெயின் இனிப்பு கலந்த வாடை. என் மகனுக்கு அப்போது நான்கு வயது, ஆஸ்துமா. சன்னலைச் சாத்திவிட்டு, மூச்சுத்திணறலுக்கு உறிஞ்சும் மருந்துப் பஃபரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நான் செவிலியர். எனக்கே கை நடுங்கும்.

2018-இல் அரசாங்கம் சொன்ன கணக்கை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். சாலையில் இருக்கும் வாகனங்களில் மோட்டார்சைக்கிள்கள் சுமார் 15 விழுக்காடு. வாகனங்கள் விடும் கார்பன் மோனாக்சைடில் பாதிக்கும் மேல் அவற்றிலிருந்து. அதனால்தான் 2003 ஜூலைக்கு முன் பதிவான வண்டிகளை ஒப்படைத்தால் 3,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும் கொடுத்தார்கள். 2028 ஜூலை 1 முதல் அவை சாலையில் ஓடக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். அப்படி இருக்கும்போது இன்னும் பழைய வண்டிகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டுவது எந்த நியாயம்?

அப்புறம், ஐல் ஆஃப் மேன் 572 சதுர கிலோமீட்டர், ஜனங்கள் 84,000 பேர். நாம் அதைவிடக் கொஞ்சம் பெரிய தீவில் அறுபது லட்சம் பேர் இருக்கிறோம். அங்கே புகை கடலுக்குப் போகும். இங்கே அடுத்த வீட்டுக்குப் போகும்.

பேண்டம்காரர், சனி காலை 8.50

வாசுகிம்மா, உங்கள் பிள்ளை இப்போது நலமாக இருக்கிறானா? அதை முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

புகை விஷயத்தில் நான் மழுப்பமாட்டேன். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் எரிந்த புகையை வெளியே தள்ளுவதே உள்ளே வரும் புதுப் பெட்ரோல் கலவைதான். இரண்டு வாசலும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். அதனால் கொஞ்சம் பெட்ரோல் எரியாமலே வெளியே போய்விடும். எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றுவதால் அதுவும் சேர்ந்து எரியும். இது வடிவமைப்பிலேயே உள்ள குறை. என் பேண்டமும் டூ ஸ்ட்ரோக்தான்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். போன வருஷம் 45 நாளில் 31 நாள்தான் எடுத்தேன், ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டர் போலே. புளோக்குக்குக் கீழே நான் ஸ்டார்ட் செய்வதே கிடையாது. பிரதான சாலைவரை தள்ளிக்கொண்டு போவேன், 96 கிலோ. தினமும் வேலைக்குப் போகிற ஆயிரக்கணக்கான வண்டிக்குச் சொன்ன கணக்கை, ஒரு காலைப்பொழுதில் ஓடும் நாற்பது வண்டிக்குச் சொல்லலாமா?

ஆர்எக்ஸ்இசட்_மகன், சனி மதியம் 1.30

அங்கிள், நான் சாப்பாடு டெலிவரி செய்கிறவன். இப்போதுதான் ஓய்வு நேரம், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் ஓட்டத்துக்கு நான் எதிரி. புகைக்காக இல்லை, வேகத்துக்காகவும் இல்லை. என் அப்பாவிடம் ஒரு யமஹா ஆர்எக்ஸ்இசட் இருக்கிறது, 135 சிசி. 1994-இல் வாங்கினது. கப்பல் கட்டும் தளத்தில் பெயிண்ட் அடிக்கிற வேலைக்கு இருபது வருஷம் அதில்தான் துவாஸ் போனார், இருட்டோடு போய் இருட்டோடு வருவார். என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் அதில்தான். முதுகில் கன்னம் வைத்துத் தூங்கிக்கொண்டே போவேன். சட்டையில் தின்னர் வாடை அடிக்கும். வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழான சிஓஇ-யைப் புதுப்பிக்க இரண்டு தடவை கடன் வாங்கினார். இப்போதும் ஞாயிறு காலையில் கீழே போய் பழைய பல்துலக்கியால் சங்கிலியைத் தேய்ப்பார்.

2028-இல் அந்த வண்டி சாலையை விட்டுப் போக வேண்டும். உங்கள் பேண்டம் போக வேண்டாம். இரண்டும் டூ ஸ்ட்ரோக். இரண்டும் புகைதான். உங்கள் வண்டிக்கு வயது அதிகம் என்பதால் அது "பாரம்பரியம்". எங்கள் வண்டி உழைத்து உழைத்து பழசானதால் அது "மாசு". 2022-இல் மோட்டார்சைக்கிள் சிஓஇ 12,000 வெள்ளியைத் தாண்டியதே, அப்போது தவித்தவர்கள் யார்? சேகரிப்பவர்களா, தினம் ஓட்டிப் பிழைக்கிறவர்களா? நாற்பது பளபளப்பான வண்டி வரிசையாகப் போகும். எல்லோரும் படம் எடுப்பார்கள். பழைய வண்டிகளுக்கு இந்த ஊரில் நல்ல மதிப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். அது எங்கள் விஷயத்தில் உண்மை இல்லை.

விதிப்புத்தகம், சனி மாலை 4.10

விதியைத் தெளிவாகப் போட்டுவிடுகிறேன், பேச்சு வேறெங்கோ போகாமல் இருக்க.

2028 ஜூலை 1 தடை 2003 ஜூலை 1-க்கு முன் பதிவான சாதாரண வண்டிகளுக்கு. பாரம்பரிய வாகனத் திட்டங்களில் பதிந்தவற்றுக்கு விலக்கு உண்டு. கிளாசிக் திட்டத்தில் சேர, முதல் பதிவிலிருந்து 35 வருஷம் ஆகியிருக்க வேண்டும், ஓட்டம் வருஷத்துக்கு 45 நாள்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நடுவில் ஒரு பள்ளம் தெரியும். 1993 ஜூன் வரை பதிவானவை 2028-இல் 35-ஐத் தொட்டுவிடும். 1993 ஜூலையிலிருந்து 2003 ஜூன் வரை பதிவானவை தொடாது. பத்து வருஷத்து வண்டிகள். கிளாசிக் ஆக வயது பத்தாது, சாதாரண வண்டியாக ஓட வயது கூடிப்போச்சு. ஆர்எக்ஸ்இசட் தம்பியின் கோபம் இந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது. பேண்டம்காரர் மேல் இல்லை என்று நினைக்கிறேன்.

ஆர்எக்ஸ்இசட்_மகன், சனி மாலை 4.32

அங்கிள் மேல் கோபம் இல்லை. ஆனால் அவர் இதைப் பேசவில்லை. அதுதான் வருத்தம்.

திருவொற்றியூர்_செல்வம், சனி இரவு 10.15

வணக்கம் அண்ணே. நான் இங்கே கட்டுமான வேலை, எட்டு வருஷமாகுது. எங்க ஊர்க்காரங்க வண்டியைப் பத்திப் பேச்சு வந்ததால எழுதறேன்.

எங்க ஊர்ல 1955-இல் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி வந்துச்சு. முதல்ல இங்கிலாந்துல ரெட்டிச்லேருந்து பாகம் வரும், இங்கே பூட்டுவாங்க. அப்புறம் பாகத்தையும் இங்கேயே செய்ய ஆரம்பிச்சாங்க. 1970-இல் இங்கிலாந்துல மூடிட்டாங்க. திருவொற்றியூர்ல நிக்கவே இல்ல. 1977-இல் நம்ம புல்லட்டை அவங்க நாட்டுக்கே ஏத்துமதி பண்ணாங்க. நீங்க சொல்ற அந்தத் தீவுல வெள்ளைக்காரர் ஓட்டுற என்ஃபீல்டுல சிலது எங்க தெரு ஆளுங்க கைபட்டதா இருக்கும்.

எங்க பெரியப்பா 1978 புல்லட்டுலதான் இன்னும் மீன் மார்க்கெட் போறார். அது விண்டேஜுன்னு யாரும் அவருக்குச் சொன்னதில்ல. ஓடுற வரைக்கும் வண்டி. தம்பி சொல்றது எனக்கு ரொம்ப நியாயமாப் படுது. உழைச்ச வண்டிக்கும் ஒரு மரியாதை இருக்கணும்.

பேண்டம்காரர், ஞாயிறு காலை 6.05

ராத்திரி முழுக்க யோசித்தேன் தம்பி. நீ சொன்னது சரி. நான் எழுதின முதல் பதிவில் 35 வயது தாண்டிய வண்டி என்று எழுதினேனே தவிர, அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களை நினைக்கவில்லை.

ஒரு விஷயம் சொல்கிறேன், கேள். என் பேண்டம் ஆங்கிலேயர் யோசித்த வண்டி இல்லை. டிகேடபிள்யூ என்ற ஜெர்மன் கம்பெனி போருக்கு முன்பு ஆர்டி 125 என்று ஒன்று செய்தது. போரில் ஜெர்மனி தோற்றதும் அந்த வரைபடங்கள் இழப்பீடாகப் போயின. பிஎஸ்ஏ அதைப் பார்த்து 1948-இல் பேண்டம் செய்தது. அமெரிக்காவில் ஹார்லி ஒன்று செய்தது. சோவியத்திலும் செய்தார்கள். ஜப்பானில் யமஹா 1955-இல் தன் முதல் மோட்டார்சைக்கிளைச் செய்தபோது, ஒய்ஏ-1, அதற்கும் அதே ஆர்டி 125-தான் மாதிரி. அங்கிருந்து வளர்ந்த டூ ஸ்ட்ரோக் வம்சத்தில் வந்ததுதான் உன் அப்பாவின் ஆர்எக்ஸ்இசட். என் வண்டியும் அவர் வண்டியும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி. என்னுடையதை வைத்துக்கொள்ளலாம், அவருடையது போக வேண்டும் என்றால் எனக்கே அது தொண்டையில் அடைக்கிறது.

ஆகவே என் யோசனையை மாற்றுகிறேன். ஓட்டம் நடந்தால் அந்தப் பள்ளத்து வண்டிகளும் வர வேண்டும். 1993-க்கும் 2003-க்கும் இடைப்பட்டவை முன்னால் போகட்டும், நாங்கள் பின்னால் வருகிறோம். அந்த வண்டிகளுக்கும் வருஷத்துக்கு 45 நாள் கொடுங்கள் என்று நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு மனு எழுதி, முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.

பிடோக்_வாசுகி, ஞாயிறு காலை 9.20

மகன் நலம் அண்ணா. இப்போது ஏழு வயது, நீச்சல் கற்கிறான். கேட்டதற்கு நன்றி.

ஆர்எக்ஸ்இசட் தம்பி, உங்கள் அப்பா முதுகில் தூங்கிப் போனதைப் படித்தபோது கண் கலங்கியது. ஆனாலும் என் பேச்சை மாற்றிக்கொள்ள முடியவில்லை. 2018 கணக்குப்படி சுமார் 27,000 பழைய வண்டிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி ஒரு அப்பா இருப்பார். ஒவ்வொரு கார் நிறுத்துமிடத்துக்கும் மேலே ஒரு பிள்ளையும் இருக்கும். எல்லோருக்கும் 45 நாள் என்று கொடுத்தால் அது சின்ன எண்ணிக்கை இல்லை.

நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள் ஓடட்டும், நான் வாயைத் திறக்கமாட்டேன். டூ ஸ்ட்ரோக் வண்டிகளை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் அங்கே நிறுத்திக் காட்டுங்கள். மகனைக் கூட்டிக்கொண்டு நானே வந்து பார்க்கிறேன்.

பேண்டம்காரர், ஞாயிறு காலை 10.00

அது மட்டும் முடியாதும்மா. நிற்கிற வண்டி செத்துப்போகும். நம் ஊர் ஈரத்தில் மூன்று மாதம் சும்மா விட்டால் பெட்ரோல் டேங்கின் உள்பக்கம் துரு பிடிக்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் வற்றிப் பிசினாகி, ஊசி முனை ஓட்டை அடைத்துக்கொள்ளும். கிராங்க் ஓரத்து ரப்பர் சீல் காய்ந்து வெடிக்கும். டூ ஸ்ட்ரோக்கில் அந்தச் சீல் போனால் எஞ்சின் மூச்சே விடாது. ஓட்டினால்தான் எண்ணெய் எல்லா இடத்துக்கும் போகும். லாரியில் ஏற்றினால் அது வண்டியின் உருவம் மட்டும்தான்.

புளோக் பக்கத்தில் யாரும் எஞ்சினைக் கிளப்பக் கூடாது, தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக எழுதிக்கொள்கிறேன். சும்மா நிற்கும்போது எஞ்சின் ஓடக்கூடாது என்பதையும். இதற்கு மேல் என்னால் இறங்க முடியாது.

தாம்சன்_1970, ஞாயிறு காலை 10.45

இடத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன். லிம் சூ காங் சாலையின் 2.5 கிலோமீட்டரைப் போர் விமானம் இறங்கும் ஓடுதளமாக ஆகாயப் படை பயிற்சிக்காகத் தற்காலிகமாக மாற்றியிருக்கிறது, விளக்குக் கம்பம், பேருந்து நிறுத்தம் எல்லாவற்றையும் பெயர்த்து எடுத்துவிட்டு. தேவை என்றால் இந்த ஊரில் சாலையை மூட முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் மூடாத சாலையில், லாரிக்கும் டிரெய்லருக்கும் நடுவில், பிரேக் பலமில்லாத அறுபது வயது வண்டிகளை விட நான் ஒருநாளும் சம்மதிக்கமாட்டேன். நடத்துவதாக இருந்தால் ஜர்பி மாதிரி மூடிய திடல் வேண்டும். அது கிடைக்காவிட்டால் நடத்தவே வேண்டாம்.

விதிப்புத்தகம், ஞாயிறு காலை 11.10

மூடிய திடல் என்றால் பக்கத்தில் ஜொகூரில் பாசிர் கூடாங் தடம் இருந்தது. இங்கே சாங்கியில் பந்தயத் தடம் கட்டுவதாக இருந்து, அந்தத் திட்டமும் கைவிடப்பட்டது. நம்மிடம் இப்போது அப்படி ஒன்று இல்லை.

ஆர்எக்ஸ்இசட் தம்பி, ஒரு கேள்வி. 1994-இல் வாங்கினது என்றீர்கள். புது வண்டியா, கைமாறியதா? முதல் பதிவுத் தேதிதான் கணக்கு. யாரிடமாவது வாங்கியிருந்தால், 1993 ஜூலைக்கு முந்தையதாக இருக்கவும் கூடும். அப்படி இருந்தால் அப்பாவின் வண்டிக்கு வழி உண்டு. பதிவு அட்டையைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஆர்எக்ஸ்இசட்_மகன், ஞாயிறு மதியம் 12.40

அப்பா கீழே வண்டியிடம்தான் இருக்கிறார். மேலே வரட்டும், கேட்கிறேன். கைமாறியது என்று அம்மா ஒரு தடவை சொன்ன ஞாபகம்.

பேண்டம்காரர், ஞாயிறு மதியம் 12.44

முருகா, அப்படியே இருக்கட்டும்.

ஆர்எக்ஸ்இசட்_மகன், ஞாயிறு மதியம் 2.15

பார்த்தோம். பிஸ்கட் டின்னில் எல்லாக் காகிதமும் பத்திரமாக வைத்திருக்கிறார், முதல் ரசீதுகூட இருக்கிறது. கைமாறியது அண்ணனுடைய சைக்கிளாம், அம்மா அதைத்தான் சொல்லியிருக்கிறார். வண்டி புதுசாகத்தான் வாங்கியிருக்கிறார்.

முதல் பதிவு 1994 பிப்ரவரி 8. முப்பத்தைந்து ஆவது 2029 பிப்ரவரி 8. ஏழு மாதம் ஒரு வாரம் பத்தவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். "சரி" என்றார். திரும்பக் கீழே போய்விட்டார், சங்கிலிக்கு எண்ணெய் விட. அங்கிள், அந்த மனுவை எப்போது எழுதுகிறீர்கள்?